ஒரு பாய் அளவு புல்

கீரனூரில் எனக்குப் பொழுது விடிவது மண்வெட்டி தரையைச் சுரண்டும் சத்தத்தில். எதிர் வீட்டில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். மழை பெய்து சில நாள் ஆகியிருந்தால் தெரு முழுக்கச் சுரண்டும். இன்னும் இரண்டு இலைகூடச் சரியாக விடாத இளம்புல்லைப் பெண்கள் குனிந்து நின்று செதுக்கி, வாரி, குப்பைமேட்டில் கொட்டுகிறார்கள். பிறகு பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுகிறவர்கள் கோலமும் போட்டு, மொட்டை வாசலைத் திருப்தியாக ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். மலேசியாவில், தைப்பிங்கில் இருக்கும் என் தோழிகளிடம் போனில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அங்கே நாங்கள் புல்லுக்கு உரம் வாங்கிப் போடுகிறோம். இங்கே ஒரு வீட்டு வாசலில் புல் தெரிந்தால், அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள்.

நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் அருளுக்குச் சொந்த ஊர் இங்கே பக்கத்தில் ஆவூர். வேலைக்காக மலேசியா வந்தவரைத் தைப்பிங் மாதா கோயிலில் பூசைக்கு வந்த இடத்தில் பார்த்துப் பேசிப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டேன். திருச்சியில் அவருக்கு நல்ல வேலை அமைந்ததும் புறப்பட்டு வந்தோம். அவருக்குப் பஸ் வசதி, ஆவூருக்கும் பக்கம் என்று கீரனூரில் வீடு கட்டினோம். கிளம்பும்போது எல்லோரும் என்னிடம், “ஊருக்கே திரும்பிப் போறியா?” என்றுதான் கேட்டார்கள். இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் என் தாத்தாவுக்கு அப்பா காலத்து ஆட்கள். நான் அதுவரை இந்தியாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. பார்க்காத ஊருக்குத் திரும்பிப் போக முடியுமா என்று விமானத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். வந்த பிறகு தெரிந்த சங்கடம் வேறு. நான் தமிழ் பேசுவதால் இங்கே யாரும் என்னை வெளிநாட்டுக்காரியாக மதிப்பதில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் தப்பாகச் செய்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சலுகை கிடையாது. “தமிழ் தெரியுதுல்ல, இது தெரியலையா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறார்கள்.

நான் புல் வளர்க்க ஆசைப்பட்டது எனக்காக இல்லை, அப்பாவுக்காக. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என் அப்பா. தைப்பிங் வீட்டு முன்னால் அவர் போட்ட புல்தரை ஒரு கார் நிறுத்தும் அளவுதான் இருக்கும், ஆனால் எங்கள் லோரோங் சந்து முழுவதும் அதற்குப் பேர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு புல் வெட்டும் மெஷினை எடுத்துவிடுவார். அந்த ஊரில் மழைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வாரம் விட்டால் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். வெட்டி முடித்து, குளித்து, ரோத்தான் பிரம்பு நாற்காலியைப் புல்லின் நடுவில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் புல்லில் அழுத்தி வைத்துக்கொண்டு பால் கலக்காத கோப்பி ஓ குடிப்பார். அந்த நேரத்தில் அவரிடம் என்ன கேட்டாலும் கிடைக்கும். பள்ளிச் சுற்றுலா, காலுக்குப் புதுச் சப்பாத்து, அருளைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் எல்லாமே அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று வாங்கியவை.

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருந்தார். எங்களோடு வந்து இருந்துவிடுங்கள் என்று நான் கெஞ்சிய ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினார். ஒருநாள் கொஞ்சம் இறங்கி வந்து, “அங்க வந்து நான் எங்கம்மா கால வைக்கிறது? வெறும் செம்மண்ணு, சரளைக் கல்லுன்னு அருளே சொல்றான். புல்லு இருக்கா சொல்லு, வந்து பாக்குறேன்,” என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, மெய்யாகச் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. வந்து பார்த்துப் பிடித்துப் போனால் இருந்துவிடுவார் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்கே அருளிடம் நர்சரிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

திருச்சி ரோட்டில் ஒரு நர்சரி. புல்தரை வேண்டும் என்றதும் அங்கிருந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மண்டபத்துக்கா மேடம், ரிசார்ட்டுக்கா?”

“வீட்டுக்கு.”

“வீட்ல பங்சன் ஏதும் வச்சிருக்கீங்களா?”

“இல்லைங்க. சும்மா நடக்கறதுக்கு.”

அவர் அருளைப் பார்த்தார். அருள் வானத்தைப் பார்த்தார். நடப்பதற்குப் புல் எதற்கு என்ற கேள்வி அந்த மனிதரின் நெற்றியில் எழுதியிருந்தது, ஆனாலும் வியாபாரி, மேலே கேட்கவில்லை. கையோடு மரமும் கேட்டேன். தைப்பிங் ஏரிக்கரையில் சாலையைத் தாண்டி வந்து தண்ணீரைத் தொடும் கிளைகளோடு நிற்குமே, அந்த மழைமரம் ஒன்று வேண்டும் என்று கைகளை விரித்துக் காட்டி விளக்கினேன். “தூங்குமூஞ்சி மரத்தச் சொல்றீங்க,” என்றார். நான் கண்ணீரோடு விமானமேறியபோது மனசில் நின்ற மரத்துக்கு இந்த ஊரில் இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குச் சிரிப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் வீட்டுக்கு அது ஆகாதாம். வேர் அஸ்திவாரத்தைத் தூக்கும், காய் பிசுபிசுவென்று கொட்டும், காற்றுக்குக் கிளை முறியும். கஜா புயலில் விழுந்த மரங்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார் போலிருந்தது. கடைசியில், நின்று வளரட்டும் என்று ஒரு மகிழங்கன்றும், சீக்கிரம் காய்க்கட்டும் என்று ஒரு முருங்கைப் போத்தும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஐப்பசி மழையில் புல் பிடித்துக்கொண்டது. பாய் பாயாகச் சுருட்டி வந்த புல்லை ஆட்கள் விரித்துப் பதித்த அன்று எங்கள் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று பக்கத்து வீட்டுச் செல்வராணி. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கணவர் முருகேசன் மினிபஸ் ஓட்டுகிறார். செல்வராணி வீட்டுப் புங்கமரம் பாதி எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கும். அதன் நிழலில் நின்றபடி அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“மாடு வாங்கப் போறீங்களாக்கா?”

“இல்லையே. ஏன்?”

“இம்புட்டுப் புல்லு வளக்குறீங்களேன்னு கேட்டேன். ஆடுன்னாலும் ஒண்ணுக்கு ரெண்டாக் கட்டலாம்.”

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வெறுங்காலோடு புல்லில் நடப்பது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னேன்.  “வயசானவுகன்னா ஆசை இருக்கத்தான் செய்யும்,” என்றார் செல்வராணி. பிறகு தன் வாசலைக் காட்டினார். விடியற்காலை பெருக்கிய விளக்குமாற்றுக் கோடுகள் மண்ணில் வரிவரியாக இருந்தன. “இந்தா பாருங்க, இங்கிட்டு ஒரு பூனை வந்துருக்கு. இது கோழி. இந்தக் கோடு ஓணான் வாலு. இதெல்லாம் இல்லாம ஏதாச்சும் வளைஞ்சு வளைஞ்சு போயிருந்துச்சுன்னா, அன்னைக்கு வெறகுக்குள்ள கைய விடமாட்டோம். எது ஊருதுன்னு தெரியணும்லக்கா. புல்லு கெடந்தா எப்படித் தெரியும்?” பூச்சி பொட்டுக்கு இவர்கள் மருந்து அடிப்பதற்கு முன்னால் வாசலைப் படிக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆனால் புரிந்தது வேறு, மனசு கேட்பது வேறு. நான் புல்லுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அந்த மழைக்காலத்தில் தோட்டம் என்னைப் படுத்தியது கொஞ்சமில்லை. முருங்கையை ஆசையாக வாசலுக்கு நேரே வைத்திருந்தேன். முருங்கை கொல்லைப்புறத்தில்தான் இருக்க வேண்டும் என்று செல்வராணி சொன்னதை ஏதோ சாத்திரம் என்று எடுத்துக்கொண்டேன். போத்து கிடுகிடுவென வளர்ந்தது. அதைத் தேடிக் கம்பளிப்பூச்சியும் வந்தது. ஒன்றிரண்டு இல்லை, தண்டு முழுக்கப் போர்வை போர்த்தியதுபோல. காற்றடித்தால் முடி பறந்து வந்து வாசலில் உலர்த்திய துணியில் ஒட்டிக்கொள்ளும். அருள் ஒருநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, திருச்சி போய்ச் சேரும்வரை சொறிந்துகொண்டே போனார். நான் கடைக்கு ஓடிப் பெரிய மருந்து புட்டி ஒன்றை வாங்கி வந்தேன். செல்வராணி அதைப் பார்த்துவிட்டுச் சுவரைச் சுற்றி வந்துவிட்டார். “இந்தக் கீரையத்தான திங்கப் போறீங்க? இதுல போயி இத அடிப்பாகளா?” என்று கேட்டு, ஒரு நீளக் கம்பில் பழந்துணியைச் சுற்றி எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினார். பகலில் அந்தப் பூச்சிகள் மேலே ஏறாமல் தண்டில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். தீயை அந்தக் கும்பலுக்கு மட்டும் காட்டி, மரம் கருகாமல் வேலையை முடித்தார். அடுத்த வாரமே அந்த முருங்கையை வெட்டி, போத்தைக் கொல்லையில் நட்டோம். சாத்திரமாவது ஒன்றாவது, சட்டை உலர்த்தும் இடத்தில் முருங்கை கூடாது, அவ்வளவுதான்.

கொசுவுக்கு அவர் தந்தது நொச்சி. குச்சி குச்சியாக ஒடித்துக் கொடுத்து, சாக்கடை ஓரம் வரிசையாக ஊன்றச் சொன்னார். கொசு அதனால் குறைந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாயங்காலம் காய்ந்த நொச்சி இலையைப் போட்டு அவர் மூட்டும் புகையில் கொசுவோடு சேர்ந்து நானும் வீட்டுக்குள் ஓடியது நிசம். உண்மையில் கொசுவுக்கு இடம் கொடுத்தது என் பூந்தொட்டிகளின் அடியில் இருந்த தட்டுகள். தைப்பிங்கில் சுகாதார அதிகாரி வந்தால் அபராதம் என்று பயந்து தினமும் தட்டைக் கவிழ்த்துக் கொட்டியவள் நான். இங்கே வந்ததும் பயம் விட்டுப்போயிற்று. கொசுப்புழு பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருநாள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். அவர் கையில் டார்ச்சைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் மன்னிப்புக் கேட்டு, புது ஆள், இனிமேல் நடக்காது, வீட்டுக்காரர் வந்ததும் அபராதத்தைக் கட்டிவிடுகிறோம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தட்டுகளைத் தாமே கவிழ்த்து, சுவரில் அன்றைய தேதியை எழுதினார். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா,” என்றார். கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கும் விளங்கவில்லை, ஒரு சொம்புத் தண்ணீரோடு என்னை எப்படி விட்டுவிடுகிறார் என்று எனக்கும் விளங்கவில்லை.

மார்கழியில் புல் அடர்ந்து, வெட்டும் பருவத்துக்கு வந்தது. நாங்கள் போட்டதைப் பனியும் சேர்ந்து வளர்த்தது. காலையில் அதில் கால் வைத்தால் தைப்பிங்தான். கண்ணைத் திறந்தால் கீரனூர். படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “பரவாலியே, ஓரம்லாம் நேரா வெட்டியிருக்கியே,” என்று குறை சொல்லாமல் பேசினார். அது அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு. தை பிறந்ததும் வருவதாகச் சொல்லி, டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குத்தான் எடுத்திருந்தார். அந்த ஒரு மாதத்தில் அவரை இங்கே வேர் பிடிக்க வைத்துவிட வேண்டும் என்பதே எனக்கு நினைப்பாக இருந்தது.

அவர் வருவதற்கு முந்தின வாரம் ஆவூரில் அருளின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பந்தக்கால் முதல் மறுவீடு வரை இருந்துவிட்டுத்தான் வர முடியும். சாவியைச் செல்வராணியிடம் கொடுத்து, “புல்லுக்குச் சாயங்காலம் கொஞ்சம் தண்ணி மட்டும் ஊத்துங்க. வீட்டைப் பாத்துக்குங்க,” என்றேன். “நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்ல,” என்றார். ஆவூரில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அருளின் சொந்தக்காரப் பெண்களிடம் நான் என் புல்லின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, எத்தனை மாடு என்று கேட்டார்கள்.

திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோது வாசல் இருந்தது, புல் இல்லை. வேரோடு செதுக்கி எடுத்து, மண்ணைச் சமன் செய்து, பெருக்கி, சாணம் கரைத்துத் தெளித்திருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் வரிவரியாக ஓடின. மகிழங்கன்றைச் சுற்றி அழகாக ஒரு பாத்திகூடக் கட்டியிருந்தது. தெருவிலேயே சுத்தமான வாசல் அன்றைக்கு எங்களுடையதுதான். செல்வராணி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “வந்துட்டீங்களாக்கா? கல்யாணம் நல்லா நடந்துச்சா?” என்று சிரித்த முகமாகக் கேட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்கு என்ன சொல்வது என்ற ஒன்றுதான் மனசில் ஓடியது. இவ்வளவு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தும் இவருக்கு என் மனசு விளங்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. அந்த ஊரையே அப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு சுவருக்கு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுபோயிற்று. அப்பாவை அழைக்கத் திருச்சி விமான நிலையம் போவதற்கு முந்தின நாள் அருள் பஸ் ஸ்டாண்டில் முருகேசனைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நாங்கள் போன மறுநாள் சாயங்காலம் செல்வராணி புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடந்திருக்கிறது. தவளைக்கு வந்திருக்க வேண்டும். வெறுங்கால். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் போயிருக்கும். பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிட்டு அதைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் செல்வராணி மண்வெட்டியை எடுத்திருக்கிறார். இடுப்பு ஒடிய, தன்னந்தனியாக, வாசல் முழுவதையும்.

நான் அப்படியே எழுந்து சுவரைச் சுற்றிக்கொண்டு போனேன். செல்வராணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் செல்வராணி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க பயந்துருவீங்க.”

“பயந்தா என்ன?”

“அப்பாவ வரவேணாம்னு சொல்லிப்புடுவீங்கள்ல,” என்றார், முறத்தை விட்டுத் தலையைத் தூக்காமலே. “வெறுங்காலோட நடப்பாருன்னு நீங்கதான சொன்னீங்க. அவுக காலுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எப்படிக்கா ஒங்க மூஞ்சில முழிப்பேன்?”

நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் புடைத்த அரிசியில் கல் பொறுக்கினேன். அப்பாவின் வருகைக்காக நான் ஒரு பக்கம் பாடுபட்டேன் என்றால், அவரும் இன்னொரு பக்கம் அதற்கே பாடுபட்டிருக்கிறார். “காபி போடட்டாக்கா?” என்று அவரே கேட்டார்.

இருந்தாலும் அப்பா கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். காரில் வரும்போதே புல் போய்விட்டதைச் சொல்லியிருந்தேன். அவர் “ஆங்” என்றதோடு சரி, ஜன்னல் வழியாகத் தைலமரக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். பெருக்கிய மண்ணைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கேட்டோரம் விட்டுவிட்டு, நாலு எட்டு நடந்து, திரும்பித் தன் கால் தடத்தைப் பார்த்தார்.

“யாரும்மா பெருக்குனது?”

“பக்கத்து வீட்டுச் செல்வராணிப்பா.”

“எங்கம்மா பெருக்குன மாதிரியே இருக்கு,” என்றார்.

எனக்குத் தெரியாத கதை ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார். அப்பா பிறந்தது ரப்பர் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், லயத்தில். லயத்து வாசலில் ஒரு புல் முளைக்க விட மாட்டார்களாம். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போவதற்கு முன்னால், இருட்டோடு எழுந்து பெண்கள் சங்குல் என்கிற மண்வெட்டியால் சுரண்டிப் பெருக்கிவிட்டுத்தான் போவார்களாம். பாம்பு, பூரான், தேள். காலையில் பிள்ளைகள் முதலில் தடம் பார்த்துச் சொன்ன பிறகுதான் பெரியவர்கள் விறகில் கை வைப்பார்களாம். “அப்பறம் புல்லு?” என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் வெட்கப்பட்டார். “அது தொரை பங்களாவுல இருந்துச்சும்மா. வேலிக்கு வெளிய நின்னு பாப்போம். உள்ள கால் வைக்க முடியாது. சொந்த வீடு வாங்குனதும் நான் மொதல்ல செஞ்ச வேல அதான்.” அவருடைய புல்தரைதான் எங்கள் வீடு என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவருக்கு அது எட்டாமல் இருந்த ஒன்றைப் பிடித்துவிட்ட சந்தோஷம். வீடு என்பது அவருக்கு இந்த மொட்டை வாசலாகவே இருந்திருக்கிறது. அவரை இங்கே இருத்த நான் போட்ட புல், இதை அவர் கண்ணில் படாமல் மூடியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. விடிந்ததும் கோப்பியோடு வாசலுக்கு வந்து தடம் பார்ப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் செல்வராணி.

“கீரி வந்துருக்கும் போல, பாருங்கப்பா.”

“கீரியா? நான் பூனைன்னுல நெனச்சேன்.”

“பூனைன்னா நகம் பதியாதுல்ல.”

இப்படியே அரை மணி நேரம் போகும். கீரி வந்த தடம் தெரிந்தால் அன்றைக்கு இருவருக்கும் சந்தோஷம்; பாம்பைப் பற்றிய கவலை இனி அந்தக் கீரியின் பாடு. புங்கமரத்தின் நிழல் எங்கள் பக்கம் விழும் இடத்தில் அப்பாவுக்குப் பிரம்பு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அந்தக் கிளை பூக்கொட்டிக் குப்பை செய்கிறது, வெட்டச் சொல்லலாமா என்று ஒரு காலத்தில் யோசித்தவள் நான். மகிழமரம் நிழல் தர இன்னும் பல வருடம் ஆகும். அதுவரை எங்கள் வாசலின் நிழல் பக்கத்து வீட்டு மரத்துடையதுதான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. சாயங்காலம் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். புல் இருந்தபோது ஒருவரும் கேட்டைத் தாண்டி வந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒருநாள் செல்வராணி தலையில் ஒரு சாக்கோடு வந்தார். அன்று செதுக்கிய புல்லை அவர் தன் வீட்டுக் குழாயடிக்குப் பின்னால் கொட்டியிருக்கிறார். அது அங்கே சொட்டும் தண்ணீரில் மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. “ஒரு பாய் அளவுக்கு மட்டும் வப்போம்க்கா. சுத்தி வெறும் மண்ணாக் கெடந்தா, எது வந்தாலும் தெரிஞ்சுரும்,” என்றார். தானே குழி பறித்துப் பதித்தார். அப்பா ஓரத்தை நேராக வெட்டிக் கொடுத்தார். நாற்காலியை அதன் விளிம்பில் போட்டோம். முன்னங்கால் இரண்டும் புல்லில், பின்னங்கால் இரண்டும் மண்ணில், லேசாகச் சாயும். நகர்த்திப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்.

ஒரு மாதத்து டிக்கெட்டை மாற்றி, பங்குனி வெயில் ஏறும்வரை இருந்தார். இங்கேயே இருந்துவிடுவார் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. அம்மாவின் கல்லறையில் விளக்கு வைக்க ஆளில்லை என்றார்; வீட்டு முன்னால் புல் இடுப்பு உயரம் வளர்ந்திருக்கும் என்றார். ஐப்பசி மழைக்கு மறுபடி வருகிறேன் என்று செல்வராணியிடம்தான் வாக்குக் கொடுத்தார், என்னிடம் இல்லை. எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வருகிறேன் என்று சொல்லிப் போகிறவருக்காகக் காத்திருப்பது, வர மாட்டேன் என்பவரைக் கெஞ்சிக்கொண்டிருப்பது போல அல்ல. அவர் நாற்காலியை எடுத்து உள்ளே வைக்காமல், தினமும் அதைச் சுற்றிப் பெருக்குகிறேன்.

போன வாரம் வீடியோவில் கூப்பிட்டார். சட்டை இல்லாமல், வியர்க்க விறுவிறுக்க, தைப்பிங் வீட்டு வாசலில் நின்றார். போனைத் திருப்பிக் காட்டினார். அவர் உயிராக வளர்த்த புல்தரையின் நடுவில், ஒரு பாய் அளவுக்குப் புல்லைச் செதுக்கி எடுத்து, மண்ணைப் பெருக்கி வைத்திருந்தார். அதன் விளிம்பில் ரோத்தான் நாற்காலி.

“பக்கத்து வீட்டுச் சீனர் வந்து, அங்கிள், இங்க சிமெண்டு போடப் போறீங்களான்னு கேக்குறாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? சும்மா பாக்கறதுக்குன்னு சொன்னேன். அவரு தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு,” என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “இங்க பேயுற மழைக்கு நாலே நாள்ல மறுபடி மொளச்சிருதும்மா. மண்வெட்டிய எப்படிச் சாய்ச்சுப் பிடிக்கணும்னு செல்வராணிகிட்ட கேட்டுச் சொல்லு,” என்றார்.

நான் போனை எடுத்துக்கொண்டு சுவரருகே போனேன்.